மூன்று விரல் இடைவெளி

எங்கள் பக்கத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்து தொட்டில் வாங்கப் போகிறார்கள் என்றால் என்னையும் கூட வரச் சொல்வார்கள். முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய வெல்டர், இவருக்குத் தெரியாததா என்று ஒரு நம்பிக்கை. நானும் போவேன். கடைக்காரர் மெத்தையை அமுக்கிக் காட்டுவார், கொசுவலையை விரித்துக் காட்டுவார், தலைமாட்டில் ஆடுகிற கிளிப் பொம்மையைச் சுற்றிவிட்டுக் காட்டுவார். நான் எதையும் கண்டுகொள்ள மாட்டேன். கம்பிகளுக்கு நடுவே மூன்று விரலைச் சேர்த்து நுழைத்துப் பார்ப்பேன். நாலாவது விரலும் கூடப் போனால் “இது வேணாம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். “அனுபவம் பேசுது பாரு” என்று பாராட்டுவார்கள். பேசுவது என் அனுபவம் இல்லை, என் மச்சினனுடையது. அவன் சொன்னபோது பல்லைக் காட்டிச் சிரித்தவன் நான். அந்தக் கதையை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்ததுதான் காரணம், வேறொன்றுமில்லை.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிக்கு வெளியே ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஆட்கள் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள். எங்கள் குப்பத்தில் வலையை விட்டுவிட்டு வெல்டிங் பிடித்த முதல் ஆள் நான்தான். அதில் பெருமைப்பட எவ்வளவோ இருந்தது. ஆனால் “எந்த ஊரு?” என்று யாராவது கேட்டால் “பொன்னேரி” என்பேன். பொன்னேரியில் எந்தத் தெரு என்று கேட்டுவிடுவார்களோ என்று அதற்கும் ஒரு பயம். ‘இன்னா’வை ‘என்ன’ ஆக்கிக்கொண்டேன். ‘ஊடு’ வீடாயிற்று. ஊருக்குப் போய்விட்டு வந்த மறுநாள் சோப்பை இரண்டு தடவை போட்டுக் குளிப்பேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தொழிற்சாலையில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேலி செய்ததில்லை. செய்துவிடுவார்களோ என்று நானே முந்திக்கொண்டு குறுகினேன்.

எங்கள் போர்மேன் நல்ல மனிதர். அவர் வீட்டு ஜன்னல் கம்பி ஒன்று விட்டுப்போய், அதைப் பற்றவைக்க ஒருநாள் போனேன். படுக்கையறையில் கட்டிலை ஒட்டி ஒரு தொட்டில் நின்றது. விட்டத்திலிருந்து தொங்குகிற தொட்டில் இல்லை, நாலு காலில் நிற்பது. மெட்ராஸிலிருந்து வந்ததாம். தேக்குச் சட்டம், மெல்லிய குச்சிகள், கட்டில் உயரத்துக்கே குழந்தையின் படுக்கை. அம்மாக்காரி படுத்தபடியே கையை நீட்டினால் பிள்ளை கைக்கு எட்டும். வேலை முடிந்தும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். என் பிள்ளையும் இப்படித்தான் படுக்கணும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்களில் அதற்கு வேறு வழக்கம் இருந்தது. புடவையில் கட்டுகிற தூளியை நாங்கள் ஏணை என்போம். ஏணை கட்டுகிற கயிறு பிள்ளையின் தாய்மாமன் கையால் வர வேண்டும். கடையில் வாங்கிய புதுக் கயிறு ஆகாது. வலையில் ஓடின கயிறாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறி, வருடக்கணக்காக இழுபட்டும் அறாமல் நின்ற கயிறுதான் பிள்ளையைத் தாங்கும் என்பார்கள். நல்ல தண்ணீரில் நாலு நாள் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, சிம்பு போகத் துணியால் உருவிக் கொண்டுவருவான் மாமன்காரன். நான் வளர்ந்ததும் அப்படி ஒரு ஏணையில்தான். அந்த நினைப்பே அப்போது எனக்குக் கசந்தது.

தலைப்பிரசவம், மனைவி அம்மா வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. பார்க்கப் போனபோது பையில் பழத்தோடு ஒரு காலிபரும் கொண்டுபோனேன். தடிமன் அளக்கிற இரும்புக் கருவி, பார்க்க நண்டுக் கொடுக்கு போல இருக்கும். தூங்குகிற குழந்தையின் தலையை இரண்டு பக்கமும் அலுங்காமல் அளந்தேன். மாமியார் பதறுவார் என்று பார்த்தால், “பச்சக் கொயந்த பக்கத்துல இரும்பு இருக்கறது நல்லதுதான்” என்று சந்தோஷப்பட்டார். நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிறந்து இருபது நாள்தான் ஆகிறது, வீட்டுக்கு வரும்போது நாலைத் தாண்டிவிடும். தலை நாளுக்கு நாள் பெருக்குமே தவிரச் சிறுக்காது. ஆகவே கம்பிக்குக் கம்பி மூன்றே முக்கால் அங்குலம் என்று கணக்குப் போட்டேன். தலை வெளியே வராது, பிள்ளை பத்திரம். எவ்வளவு புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நெருக்கமாக வைத்திருக்கலாம். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கம்பிகளை எடுத்துக்கொள்ளப் போர்மேனே அனுமதி கொடுத்திருந்தார். கம்பிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நெருங்க வைத்தால் கோழிக்கூண்டு மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இரும்பில் செய்தாலும் அந்த மெட்ராஸ் தொட்டில் மாதிரி காற்றோட்டமாக, லேசாகத் தெரிய வேண்டும். இதுதான் என் கவலை. பிள்ளைக்குத் தொட்டில் தேர்ந்தெடுக்கிறவன் பிள்ளையை நினைக்க வேண்டும். நான் பார்க்க வருகிறவர்களை நினைத்தேன்.

மூன்றாம் மாதம் மனைவியையும் குழந்தையையும் அழைத்து வந்தேன். எங்களுடையது ஓட்டு வீடு, வரிசையாக ஆறு வீடுகளில் மூன்றாவது. ஓர் இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டு, அதை ஒட்டித் தொட்டிலை நிறுத்தியிருந்தேன். இளநீல பெயிண்ட். கட்டில் பக்கத்துக் கம்பிச் சட்டத்தைக் கீழே இறக்கிவிடலாம். மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் கீது. ஆனா இது இன்னாத்துக்கு? ஏணை ஒண்ணு கட்னா போதாதா?”

“ஏணை கட்டிக்கினு கெடக்கறதுக்கா நான் இந்த ஊருக்கு வந்தேன்?” என்றேன். கோபம் வந்தால் பழைய பேச்சு தானாக வந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போர்மேன் தன் மனைவியோடு குழந்தையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டைப் பெருக்கித் துடைத்து, பிஸ்கெட் வாங்கி வைத்து, காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது என் மச்சினன். மனைவியின் தம்பி, இருபத்தைந்து வயது, ஏரியில் சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். விடிகாலையில் இறால் பிடித்து, பஸ் ஏறிப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் வந்திருக்கிறான். ஒரு கையில் ஓலைக் கூடையில் இறால். தோளில் சுருட்டிப் போட்ட கயிறு. வெள்ளையாக, உருவி உருவிப் பட்டுமாதிரி ஆக்கியிருந்தான்.

அக்காவிடம் இறாலைக் கொடுத்துவிட்டுத் தொட்டில் அருகே குந்தினான். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான்.

“மாமா, கண்ணு பெருசாக்கீதே.”

வலையில் நூலுக்கு நூல் உள்ள ஓட்டையைக் கண் என்போம். எந்த மீனுக்கு எத்தனை விரல் கண் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும்.

“இது இன்னா வலையாடா, கண்ணு பாக்கறதுக்கு?”

“மூணு விரலுக்கு மேல வேணாம் மாமா. பெரட்டிக்கிற வயசு வந்தா காலை வுட்டு ஒடம்பு பூந்துக்கும்.”

“தலையை அளந்துதான் வெச்சிக்கீறேன். எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்னு கேட்டதில்ல நீ? தலை போவாத எடத்துல ஒடம்பு எங்கடா போவும்?”

“தலை போவலன்னாதான் மாமா பேஜாரு. மீனுக்குத் தலை பூந்து ஒடம்பு நின்னுக்கும். கொயந்தைக்கு ஒடம்பு பூந்து தலை நின்னுக்கும்.”

“என் பொண்ணை மீனாக்கிட்டியா நீ!” என்று வாய்விட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மூன்று விரலைச் சேர்த்துக் கம்பி நடுவே வைத்துப் பார்த்தபடியே இருந்தான்.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. போர்மேனும் அவர் மனைவியும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடெல்லாம் இறால் வாடை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிலருகே குந்தியிருக்கிற ஒருவன். “வாங்க சார், வாங்கம்மா” என்றேன். அவர் உள்ளே வந்து அவனைப் பார்த்துச் சிரித்து, “யாரு, சொந்தக்காரரா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இல்ல சார். தெரிஞ்சவரு. மீன் கொண்டாந்து குடுப்பாரு.”

என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். மச்சினன் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து, மடித்துக் கட்டிய லுங்கியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, “ஆமா சார். இறால் கேட்டிருந்தாங்க, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றான். கயிற்றைச் சத்தமில்லாமல் மூலையில் வைத்தான். என்னிடம் “வரேன் சார்” என்று சொல்லிவிட்டு வெளியேறினான். அவனுக்காக அடுப்பில் உலை வைத்திருந்த மனைவி, காபித் தட்டோடு வந்தபோது தம்பியின் முதுகைத்தான் பார்த்தாள்.

போர்மேன் தொட்டிலைத் தட்டிப் பார்த்து “பற்றவைப்பு பிரமாதம்” என்றார். அந்தப் பாராட்டு எனக்கு அன்று இனிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். பொய். இனித்தது.

அவர்கள் போன பிறகு மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. “என் தம்பிய மீன்காரன்னு சொன்னதுல பொய் ஒண்ணுமில்ல. நீயும் மீன்காரன்தான்” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். கயிற்றை நான் கொல்லைப்பக்கம் இரண்டு முளைகளுக்கு நடுவே துணி காயப்போடக் கட்டினேன். வீணாகக் கிடக்க வேண்டாமே என்று காரணமும் சொன்னேன்.

மச்சினன் அதற்குப் பிறகும் வந்தான், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கூடையை இறக்கிவைத்து, “மீனே… இறாலே…” என்று கூவுவான். மற்ற வீட்டுப் பெண்களும் வந்து வாங்குவார்கள். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நிற்பாள். பேரம் பேசுகிற சாக்கில் அக்காவும் தம்பியும் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவன் தெருவில் நின்று கூவினான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டேன்.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயம் குழந்தை குப்புறப் புரள ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு முற்பகல், மனைவி கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கினாள். நான் முன்னறையில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அழுகை இல்லை. தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினால் வருமே, அப்படி. எட்டிப் பார்த்தேன்.

கட்டில் இல்லாத பக்கம், கால், இடுப்பு, வயிறு, மார்பு எல்லாம் கம்பிகளுக்கு வெளியே தொங்கின. தலை உள்ளே. மோவாய்க்கட்டை படுக்கைச் சட்டத்தில் மாட்டியிருந்தது. முகம் கருத்துக்கொண்டிருந்தது. என் மூன்றே முக்கால் அங்குலம் ஒரு துளிகூடப் பிசகவில்லை. தலை வெளியே வரவே இல்லை.

கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கால்களைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. இரும்பைத் தூக்கிப் பழகிய கை. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் யோசித்து முடிக்க முடியாது.

“இழுக்காத! கைய எடுய்யா!” சோப்பு நுரைக் கையோடு மனைவி ஓடி வந்து என்னைத் தோளால் இடித்துத் தள்ளினாள். ஒரு உள்ளங்கையைக் குழந்தையின் அடியில் கொடுத்து மேலே தூக்கினாள். கழுத்தின் பாரம் குறைந்தது. இன்னொரு கையை உள்ளே விட்டு மோவாயைப் பக்கவாட்டில் திருப்பினாள். உடம்பை ஒருக்களித்து, கைகளைச் சேர்த்து, நுழைந்த வழியாகவே உள்ளே தள்ளினாள். “வந்த வயியாத்தான் போவணும்… வந்த வயியாத்தான்…” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து வலையில் மாட்டிய மீனைச் செதில் உதிராமல் எடுத்துப் பழகிய விரல்கள் அவை. அந்த விரல்களைத்தான் நான் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

குழந்தை மூச்சை இழுத்து அழுதாள்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, லைட் அடித்துக் கண்ணைப் பார்த்து, பயமில்லை என்றார். மோவாய்க்குக் கீழே சிவப்பாக ஒரு தடம். “இது எப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

“ஏணைல இருந்து நழுவிட்டா சார்” என்றேன்.

கட்டாத ஏணைமேல் பழியைப் போட்டேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் திருத்திச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே கொல்லைக்குப் போனாள். காய்ந்துகொண்டிருந்த துணிகளை உருவிப் போட்டு, முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். கீழே விழுந்த துணிகளில் என் காக்கிச் சட்டையும் இருந்தது. கயிற்றை அலசிப் பிழிந்து உதறினாள். விட்டம் அவளுக்கு எட்டவில்லை. நான்தான் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினேன். அவளுடைய பழைய நூல் புடவையில் ஏணை தொங்கியது. குழந்தை அதில் படுத்துத் தூங்கிப்போனாள். தொட்டிலைக் கொல்லைக்கு இழுத்துப் போட்டேன். நடுவில் ஒவ்வொரு கம்பி வைத்துப் பற்றவைத்தால் சரியாகியிருக்கும், ஒரு நாள் வேலைதான். எனக்கு அதைத் தொடவே கை வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது எதிரே “மீனே…” என்று குரல் கேட்டது. வெளியே போனேன். மரத்தடியில் நாலைந்து பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் இருந்தார்கள். மச்சினன் என்னைப் பார்த்ததும் கூடையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினான்.

“இறால் கீது சார். வேணுமா?”

அவன் கையைப் பிடித்தேன். “என் மச்சினன்தான்” என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். “உள்ள வாடா” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஏணைக்குள் குனிந்து பார்த்தான். குழந்தை விழித்து, மாமனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். தூக்கினான். அவள் தலையை அண்ணாந்தபோது மோவாய்க்குக் கீழே அந்தத் தடம் தெரிந்தது. வலை அறுத்த தடத்தை அவனைவிட யார் அதிகம் பார்த்திருப்பார்கள்? யாரும் அவனுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரலால் அதை மெல்லத் தொட்டான். அவன் கண் கலங்கியது. ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவன் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தான்.

“முடிச்சு யாரு போட்டது?”

“நான்தான்.”

“மறந்துட்டீங்க மாமா” என்றான். ஸ்டூலில் ஏறி, என் முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தன் கையால் ஒன்று போட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பித்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் மாதம் குழந்தைக்குக் காது குத்தினோம், எங்கள் குப்பத்திலேயே, ஏரிக்கரைக் கோயிலில். போர்மேனையும் அழைத்தேன். என் ஊர் இதுதான் என்று அன்றைக்குத் தெரியட்டும் என்று துணிந்துவிட்டேன். அவரும் வந்தார். ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, “காத்து நல்லா வருதே” என்றார். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள். போர்மேன் அவனை உற்றுப் பார்த்தார்.

“இவரு… அன்னிக்கி மீன் கொண்டாந்தவர் இல்ல?”

“என் மச்சினன் சார். மனைவியோட தம்பி” என்றேன்.

“அன்னிக்கி தெரிஞ்சவருன்னு சொன்னீங்களே?”

அவர் குற்றமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். சுற்றி என் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மச்சினன் பேசிவிட்டான்.

“நான்தான் சார் அப்டி சொல்லச் சொன்னேன். அழுக்கு லுங்கியோட வந்துட்டனா, பெரியவங்க முன்னால சொந்தம்னு சொல்லாதீங்க மாமான்னு சொல்லிட்டேன். மாமா மேல தப்பில்ல.”

போர்மேன் சிரித்து அவன் தோளில் தட்டி, “இதுல என்னப்பா வெட்கம்?” என்றார். அவன் குனிந்து, ஆசாரி ஊசியைக் கொண்டுவரும்போது குழந்தை தலையை ஆட்டாமல் இருக்க, மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டான். என் வெட்கத்தைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டான். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.